அந்த ஊரில் இருப்பவள்

போன வாரம் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்ததே, அது கை தவறிக் கவிழ்ந்தது என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கை தவறவில்லை, மனசுதான் தவறியது என்பது மூத்த மருமகளுக்கு மட்டும்தான் தெரியும்.

கொழுந்தன் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். அண்ணனும் தம்பியும் வேலை பார்க்கிற லிஃப்ட் கம்பெனி வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறது. அங்கே மேற்பார்வையாளராகப் போகிறாயா என்று மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். தங்குவதற்குக் கம்பெனியே வீடு கொடுக்கும். இரண்டு படுக்கையறை, ஒரு பால்கனி, ஜன்னல் வைத்த சமையலறை.

'ஜன்னல் வைத்த சமையலறை' என்று அவன் சொன்ன இடத்தில்தான் குவளை கவிழ்ந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். இன்று வெள்ளிக்கிழமை.

காலையில் மூத்தவள் அடுப்படியில் முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். அது ஜன்னல் இல்லாத அடுப்படி. சுவரில் புகைபோக்கி விசிறி ஒன்று உண்டு. ஓடினால் பேச்சுக் கேட்காது, ஓடாவிட்டால் மூச்சு விட முடியாது.

"அக்கா, அளக்கிற டேப் எங்க வச்சிருக்கீங்க?"

வாசலில் இளையவள் நின்றிருந்தாள். கொழுந்தனின் மனைவி. குளித்து முடித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டு நேரே வந்தவள் போல முகம் பளபளவென்று இருந்தது.

"தையல் பெட்டியில இருக்கும். எதுக்கு?"

"எங்க ரூம் திரைய அளந்து பாக்கலாம்னு. அங்க பால்கனிக் கதவுக்குச் சரியா வருமான்னு தெரியணும்ல?"

அந்தத் திரையைத் தைத்தவள் மூத்தவள்.

திரை மட்டுமா? அந்த அறையே ஒரு காலத்தில் அவளுடையதுதான். கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "புதுசா கல்யாணம் ஆகிற பசங்க. கொஞ்ச நாளைக்கு அந்த ரூம விட்டுக் கொடு பெரியவளே" என்றாள். அவளும் பெருந்தன்மையாக விட்டுக் கொடுத்தாள். கூடத்தின் ஒரு மூலையில் இரும்பு பீரோவைக் குறுக்கே நகர்த்தி, அதற்குப் பின்னால் கட்டிலைப் போட்டார்கள். கொஞ்ச நாள் வருஷக்கணக்காகிவிட்டது. இளையவளின் மகள் சிட்டு பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். மூத்தவள் இன்னமும் பீரோவின் முதுகில் கண்விழித்து, பீரோவின் முதுகில்தான் கண் மூடுகிறாள். விடுதியில் தங்கிப் படிக்கிற மகன் விடுமுறைக்கு வந்தால் அவனுக்குச் சோபாதான்.

"போறதுன்னு முடிவே பண்ணியாச்சா?" என்று கேட்டாள், முட்டையைப் பார்த்தபடி.

"எங்கக்கா! அவரு வாயே திறக்க மாட்டேங்கறாரு. நேத்தும் கேட்டேன். 'நாளைக்குச் சொல்றேன்'னு ஒரு சிரிப்பு. எனக்குத்தான் தூக்கமே வரல. ஒரு நிமிஷம் போகலாம்னு தோணுது, அடுத்த நிமிஷம் உங்கள எல்லாம் விட்டுட்டு எப்படிப் போறதுன்னு தோணுது. நீங்களே சொல்லுங்கக்கா. போகட்டுமா, வேண்டாமா?"

கரும்பு தின்னக் கூலி கேட்கிறாள் என்று மூத்தவளின் வயிறு பற்றியது.

"யோசிச்சுச் செய்" என்றாள். அதற்கு மேல் எது சொன்னாலும் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

கணவர் சாப்பிட வந்து உட்கார்ந்தார். பட்டறையில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். முட்டை ஓட்டைக்கூட ஒரே சுருளாக உரித்துத் தட்டின் ஓரத்தில் அழகாக வைப்பார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டிக் கத்தினாலும், அவர் முதலில் பெயரைக் கேட்டு, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கருவிப் பையைத் திறப்பார்.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்று மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன தோணணும்?"

"தம்பிய அந்தக் கம்பெனியில சேத்து விட்டது யாரு? ஸ்பேனர் பிடிக்கக் கத்துக் கொடுத்தது யாரு?"

"கத்துக் கொடுத்தா கத்துக்கத்தானே செய்வான்" என்றார் நிதானம், உப்பைத் தூவியபடி. "புது லிஃப்ட் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஓடுது. அவனுக்கு அது கைவந்திருக்கு. நல்லதுதானே?"

நல்லதுதான். தம்பி மேலே போகிற லிஃப்ட். அண்ணன் அடிப்பள்ளத்தில் இறங்கி எண்ணெய் போடுகிற ஆள். இதில் என்ன கெட்டது?

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். மதியச் சாப்பாட்டு டப்பா மேசையிலேயே கிடந்தது. அதைப் பார்க்கவே இல்லை.

*

சலவைக் கடையின் பின்கட்டில் மூத்தவளுக்கு இஸ்திரி வேலை. நீராவிப் பெட்டி உஸ்ஸென்று சீறும். சட்டையின் காலர் முதலில், பிறகு கைப்பட்டி, பிறகு முதுகு, கடைசியில்தான் பொத்தான் பக்கம். இந்த வரிசையில் அவள் கை தானாகப் போகும். அதனால் மனசு சும்மா இருந்தது. சும்மா இருக்கிற மனசு எங்கே போகுமோ, அங்கேயே போனது.

அந்தச் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்? காலை வெயில் விழுமா? பால்கனியில் இரண்டு நாற்காலி போட இடம் இருக்குமா? இளையவள் அங்கே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு தேநீர் குடிப்பாள். மாமியாரின் மாத்திரை வேளையை யாரும் அவளைக் கேட்க மாட்டார்கள். குளியலறைக்கு வரிசை கிடையாது. ராத்திரி புருஷனிடம் ஒரு வார்த்தை பேசக் கிசுகிசுக்க வேண்டாம்.

வந்தவளுக்கெல்லாம் வாழ்வு. இருந்து இழுத்தவளுக்குப் பீரோவின் முதுகு.

"அக்கா!"

நிமிர்ந்து பார்த்தாள். நினைத்துக்கொண்டிருந்த ஆளே, கையில் சாப்பாட்டு டப்பாவோடு, மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"டப்பாவ மறந்துட்டு வந்துட்டீங்க. நீங்க வெளியில வாங்கிச் சாப்பிட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் ஓடி வந்தேன். ஆறிப்போச்சேன்னு திரும்பச் சுட வச்சுக் கொண்டாந்திருக்கேன்."

இப்படி நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று மூத்தவளுக்கு இன்னும் எரிந்தது. கெட்டவளாக இருந்தால் பொறாமைப்படுவது எவ்வளவு சுலபம்! கொஞ்சம் நியாயமாகக்கூட இருக்கும்.

பின்கட்டில் கவிழ்த்துப் போட்டிருந்த துணிக் கூடைகள் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். இளையவளே டப்பாவைத் திறந்து கொடுத்தாள்.

"திரை சரியா இருக்குக்கா. ஒரு சாண் கூடவே இருக்கு. மடிச்சுத் தைச்சாப் போதும். நீங்கதான் தைச்சுத் தரணும்."

"தரேன்."

"அங்க ஒரு ரூம் சும்மாதான் இருக்கப் போகுது. லீவு விட்டா நீங்களும் அத்தானும் வந்து தங்கிட்டுப் போங்க. நாலு நாள் உங்களுக்கும் ஓய்வா இருக்கும். பாவம், நீங்களும் எவ்வளவு நாள்தான் அந்த பீரோவுக்குப் பின்னாடியே…"

பாவம்!

அந்த ஒரு சொல்தான். அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதால்தான் அது ஊசி மாதிரி நேராக உள்ளே இறங்கியது.

மூத்தவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல ஊருதான். எல்லாம் சரிதான்…" என்று இழுத்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. விடு."

"சொல்லுங்கக்கா. ஏதோ சொல்ல வந்தீங்க."

"தம்பி உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருப்பானே. நான் வேற எதுக்கு?"

"எத?"

"அதான், கல்யாணத்துக்கு முன்னாடி… அந்தக் கணக்குப் பொண்ணு விஷயம்."

இளையவளின் கை நின்றுவிட்டது. "எந்தக் கணக்குப் பொண்ணு?"

அப்படி ஒரு பெண் இருந்தது உண்மைதான். கம்பெனியில் கணக்கு எழுதியவள். கொழுந்தனுக்கு அவள் மேல் உயிர். அவள் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வேறு யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று அவன் இதே அண்ணியின் அடுப்படியில், புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். மூத்தவளும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட.

அவள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்பது மூத்தவளுக்குச் சத்தியமாகத் தெரியாது.

"ஐயையோ, உனக்குத் தெரியாதா? தெரியும்னு நெனச்சுல்ல சொல்லிட்டேன்!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். "பழைய கதைடி. அவனும் மறந்திருப்பான். ஆனா அவ இப்போ அந்த ஊர்லதான் இருக்காளாம். கேள்விப்பட்டேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டாள். உண்மை என்ற பாலில் ஒரே ஒரு சொட்டுப் பொய்.

இளையவள் கைக்குக் கிடைத்த மூடியை எடுத்து டப்பாவை மூடப் பார்த்தாள். சேரவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்போதும் சேரவில்லை. அது கூட வந்த குழம்புக் கிண்ணத்தின் மூடி என்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

"சிட்டுவ ஸ்கூல்லேர்ந்து கூப்பிடணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

மூத்தவள் சாப்பிட்டாள். ஒரு வாரமாகக் கசந்த நாக்கில் அன்றுதான் ருசி தெரிந்தது. வழித்துச் சாப்பிட்டாள். மத்தியானம் முழுக்க அவள் போட்ட இஸ்திரியில் ஒரு சுருக்கம் இல்லை. "இன்னிக்கு என்ன, கை பறக்குது?" என்று முதலாளிகூடக் கேட்டார்.

*

சாயங்காலம் அவள் படியேறி வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவளே, சின்னவ மத்தியானத்துலேர்ந்து ரூம் கதவச் சாத்திக்கிட்டு இருக்கா. பிள்ளைக்கு நான்தான் பால் காய்ச்சிக் கொடுத்தேன். சின்னவனும் வேலையிலேர்ந்து பாதியிலேயே வந்துட்டான். ரெண்டு பேரும் உள்ள என்னமோ பேசிக்கறாங்க. எனக்குக் காதுல சரியா விழல."

மூத்தவளுக்கு விழுந்தது.

"…அப்போ அவ ஒருத்தி இருந்தது நெஜம்தானே?"

"இருந்தா. அது எப்பவோ முடிஞ்சு போன கதை. அதுக்கு என்ன இப்போ?"

"இத்தன வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே உங்களுக்கு!"

மூத்தவள் கைப்பையைத் தொங்கவிட்டாள். நெஞ்சு படபடத்தது. அது பயம் மட்டும் இல்லை. அதில் ஒரு இனிப்பும் இருந்தது. இனி திரையை மடித்துத் தைக்க வேண்டியதில்லை.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். யாரோ இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறி வருகிறார்கள். கதவைத் திறந்தால், நிதானம்!

அந்த மனிதர் ஓடி அவள் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் வியர்வை. கையில் ஒரு கேக் பெட்டி. வாயெல்லாம் பல்.

"அம்மா! ஏம்மா, இங்க வா! எல்லாரும் வாங்க!"

"என்னங்க, என்ன ஆச்சு?"

"அந்த ஊர் வேலை இருக்கில்ல? மேற்பார்வையாளர் வேலை? அத எனக்குக் கொடுத்திருக்காங்க!"

மூத்தவளுக்குக் கால் தரையில் இருப்பதே தெரியவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுவது என்பார்களே, அது அவள் கண்ணெதிரே விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல், பால்கனி, கதவு வைத்த அறை…

"தம்பி வேண்டாம்னு சொல்லிட்டானா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டானே! நேத்தே சொல்லிட்டானாம்! மேனேஜர் ரூமுக்குப் போயி, 'எனக்கு வேண்டாம் சார், எங்க அண்ணனுக்குக் கொடுங்க. ஆளுங்கள வச்சு வேலை வாங்க அவருக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் விஷயம் எதுன்னாலும் நான் போன்ல சொல்லிக் கொடுத்துக்கறேன்'னு நின்னிருக்கான். மேனேஜர் இன்னிக்குக் கூப்பிட்டுச் சொல்றாரு. 'வீட்டுல கேட்டுட்டு நாளைக்குக் காலைல வந்து பதில் சொல்லு'ன்னாரு."

நேத்தே.

துணிக் கூடை மேல் உட்கார்ந்து மூத்தவள் அந்தச் சொட்டுப் பொய்யை ஊற்றியபோது, அந்த வேலை ஏற்கெனவே அவளுடையதாக இருந்தது. ஜன்னல் அவளுடைய ஜன்னலாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இரண்டு கவளம் சாப்பிட்டிருந்தால் போதும்.

அறைக்கதவு திறந்தது. கொழுந்தன் முதலில் வந்தான். கண் சிவந்திருந்தாலும் அண்ணனைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "நீ மேனேஜர் வாயால கேக்கணும்னுதான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்குச் சாப்பாட்டுல எல்லாருக்கும் சொல்லலாம்னு…"

"நேத்தேவா?" என்றாள் இளையவள், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் முகம் வீங்கியிருந்தது.

"நான் திரைய அளந்துக்கிட்டு நிக்கறேன். நீங்க நேத்தே வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. ஏன்? நான் சொல்லட்டுமா ஏன்னு? அவ அங்க இருக்கா. என்னைக் கூட்டிட்டுப் போனா ஒருநாள் இல்ல ஒருநாள் மாட்டிக்குவோம்னு பயம். அதானே?"

"பைத்தியமா உனக்கு? போறதா இருந்தாலும் தப்பு, போகலன்னாலும் தப்பா?"

"தப்பு பண்ணவருக்கு எல்லாமே தப்பாத்தான் முடியும்!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு மனுஷன் அண்ணனுக்காக விட்டுக் கொடுத்ததும் அவள் கண்ணுக்குச் சாட்சியமாகத்தான் தெரிந்தது. இந்தக் கணக்கு மூத்தவளுக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு வாரமாக அவளும் இதே கண்ணாடியைத்தானே மாட்டிக்கொண்டு திரிந்தாள்!

"எவடா அவ?" என்றாள் மாமியார்.

"யாரு உனக்கு இதச் சொன்னா?" என்றான் கொழுந்தன் மனைவியிடம்.

மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இளையவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "யாரோ சொன்னாங்க. வெளியில கேள்விப்பட்டேன். சொன்னவங்க மேல பாயாதீங்க. மறைச்சது நீங்க."

காட்டிக் கொடுக்கவில்லை! அத்தனை கோபத்திலும், அக்கா வாய் தவறிச் சொன்னதற்கு அக்காவுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று பார்க்கிறாள்.

சிட்டுவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, "எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். யாரும் என் பின்னாடி வர வேண்டாம்" என்று படியிறங்கிப் போனாள்.

நிதானம் கேக் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கொழுந்தன் பின்னால் ஓடவில்லை. மெதுவாக அண்ணியின் பக்கத்தில் வந்தான். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"அண்ணி, அந்த விஷயத்த நான் இந்த உலகத்துல ஒரே ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருக்கேன்."

அவன் திட்டியிருக்கலாம். கையை ஓங்கியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினாள்.

"நீ எதுக்கும்மா? அவன் போகட்டுமே" என்றார் நிதானம்.

"இல்லங்க. நான்தான் போகணும்."

*

பஸ் நிறுத்தத்தில் இளையவள் மூக்கை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தாள். சிட்டு அவள் மடியில் தலைவைத்து, வருகிற போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடி வந்ததில் விலா வலித்தது. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று மூச்சு வாங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"நான் சொன்னது பொய்டி."

"எது?"

"அவ அந்த ஊர்ல இல்ல. எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது. நானா கட்டிச் சொன்னேன். பழைய கதை நெஜம். ஆனா அது உன் கல்யாணத்துக்கு முன்னாடியே செத்துப்போச்சு. உன் புருஷன் மேல ஒரு தப்பும் இல்ல."

இளையவள் அவளையே பார்த்தாள்.

"எதுக்குக்கா பொய் சொல்லணும் நீங்க?"

"பொறாமை" என்றாள் மூத்தவள். "உனக்கு வீடு கிடைக்குதேன்னு. நீ நல்லா இருந்துடுவியேன்னு. வயிறெரிஞ்சு சொன்னேன்."

இளையவளின் முகம் அப்படியே இருந்தது. பிறகு, அழுதுகொண்டிருந்தவள், சிரித்தாள். ஈரச் சிரிப்பு. மூத்தவளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்னைச் சமாதானப்படுத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு இப்படி ஒரு பழிய உங்க தலையில ஏத்துக்கறீங்களே அக்கா! உங்களுக்கு என் மேல பொறாமையா? பொறாமைப்பட்டவ நான்தான். அத்தை கூப்பிட்டா உங்களத்தான் கூப்பிடுவாங்க. சிட்டு விழுந்தா உங்ககிட்டதான் ஓடுவா. இவருக்கு என் சமையல் இறங்காது, 'அண்ணி வச்ச மாதிரி இல்ல'ம்பாரு. அந்த வீட்டுல நான் இன்னமும் விருந்தாளிதான். ஏன் அங்க போகணும்னு துடிச்சேன்னு நெனச்சீங்க? நீங்க இல்லாத இடத்துலயாவது நான் கொஞ்சம் பெரிய ஆளா இருப்பேன்னுதான்."

"ஐயோ, நான் சொல்றத நம்புடி. சிட்டு மேல சத்தியமா…"

"பிள்ளை மேல எல்லாம் பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க" என்று இளையவள் அவள் வாயைப் பொத்தினாள். "நீங்க ரொம்ப நல்லவங்கக்கா. அதான் உங்களுக்குப் பொய்கூடச் சரியாச் சொல்ல வரல."

இத்தனை வருஷம் மூத்தவள் பீரோவுக்குப் பின்னால் படுத்து, விட்டுக் கொடுத்து, பொறுத்துப் பொறுத்துச் சம்பாதித்த நல்ல பெயர் அது. இப்போது அதைத் தூக்கி எறிய நினைக்கிறாள். கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பஸ் வந்து நின்றது. இளையவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். படியில் ஒரு கால் வைத்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, இப்போ அந்த ஊருக்கு நீங்கதானே போகப் போறீங்க?"

"தெரியல."

"போங்க. கண்டிப்பாப் போங்க. போயி, அவ அங்க இருக்காளா, எந்தத் தெருவுல இருக்கா, இவரு கூட இன்னமும் பேச்சுவார்த்தை இருக்கான்னு பாத்து எனக்கு ஒரு போன் பண்ணுங்க. வேற யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். நீங்க சொன்னா நம்பறேன். அதுவரைக்கும் நான் அந்த வீட்டுப் படியேற மாட்டேன்."

"இல்லாதவள நான் எங்கடி போய்த் தேடுவேன்?"

கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பெரியம்மாவுக்குக் கையசைக்கச் சொல்லிச் சிட்டுவின் கையைப் பிடித்து ஆட்டினாள். பஸ் முனை திரும்பி மறைந்தது.

மூத்தவள் திரும்பினாள். எதிர்ச் சாரியில் கொழுந்தன் நின்றிருந்தான். எப்போது வந்தானோ. சாலையைக் கடந்து வந்து அவள் முன்னால் நின்றான்.

"சொல்லிட்டீங்களா அண்ணி?"

"சொல்லிட்டேன்."

"நம்பினாளா?"

அவள் இல்லையென்று தலையசைத்து, இளையவள் பஸ் படியிலிருந்து கேட்டதையும் சொன்னாள்.

"அண்ணனுக்கு எதுவும் தெரிய வேண்டாம்" என்றான் அவன், பஸ் போன திசையைப் பார்த்தபடி. "தெரிஞ்சா அவன் போக மாட்டான். அவன் சந்தோஷத்த இன்னிக்குத்தான் நான் மொத மொதலாப் பாக்கறேன். ஆனா நீங்க போயிட்டா, அவ கேக்கற கேள்விக்கு அங்கேர்ந்து என்ன பதில் சொல்லுவீங்க? இருக்கான்னா, என் குடும்பம் போச்சு. இல்லன்னா, 'இன்னும் நல்லாத் தேடுங்க'ம்பா. போகாம இருந்துட்டா, அவ திரும்பியே வர மாட்டா. நீங்களே முடிவு பண்ணுங்க அண்ணி. நாளைக்குக் காலைல அண்ணன் மேனேஜர்கிட்டப் பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டு அவன் வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தான்.

மூத்தவள் தனியாகப் படியேறினாள். மேல் படியில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிதானம் காத்திருந்தார். கேக் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் அவர் கையிலேயே இருந்தது.

"அவ அக்கா வீட்டுக்குத்தானே போயிருக்கா? ரெண்டு நாள்ல கோபம் தணிஞ்சா வந்துடுவா. நீ மனசப் போட்டு உழப்பிக்காத" என்றார். பிறகு, புதிதாகப் பெண் கேட்க வந்தவர் மாதிரி தயங்கித் தயங்கி, "ஏம்மா… நாம போகலாம்தானே?" என்று கேட்டார்.

ஒரு வாரமாக இந்தக் கேள்வியை யாராவது தன்னைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவள் அவள். பதிலை நாக்கு நுனியிலேயே வைத்திருந்தாள். இப்போது அவர் கேட்டுவிட்டு, பெட்டியைப் பிடித்தபடி, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவள் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, பிரிக்காமலே உள்ளே கொண்டுபோய்ப் பீரோவின் மேல் வைத்தாள்.